அம்புக்குறி நின்ற இடம்

பெட்டி என்னவோ சின்னதுதான். நாலு தீப்பெட்டியை ஒட்டவைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. கறுப்பு. மேசைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் ஒட்டடையோடு ஒட்டடையாகத் தொங்கிக்கொண்டிருந்ததை, கேபிள் எதையும் கழற்றாமல், இழுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தான் சம்பத். கோகிலவாணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறது, என்னவென்று வந்து பார் என்று கூப்பிட்டதற்கு வந்தவன் அவன். தூசி தட்டி, மெமரி மாற்றி, எல்லாம் முடிந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகு, போகிற போக்கில்தான் கேட்டான். "ஏனுங்கக்கா, இந்தப் பொட்டி எதுக்குங்க வெச்சிருக்கறீங்க?" கரண்ட் ஏறி இறங்கினால் திரை போய்விடாமல் இருப்பதற்கு என்றாள். அவளுக்குச் சொல்லப்பட்டது அதுதான். சம்பத் சிரித்தான். "கரண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்கக்கா. இது தூரத்துல இருந்துட்டு கம்ப்யூட்டரைப் பாக்கறதுக்கு. இந்த ஒயரு திரையில தெரியறதை எடுத்துக்குது. இது கீபோர்டு, மவுஸ் வேலையப் பண்ணுது. இந்த மூணாவது நெட்டுல போகுது. எந்த ஊர்ல இருந்தாலும் சரி, உங்க சேர்ல உக்காந்த மாதிரியே பாக்கலாம், டைப் அடிக்கலாம். கம்ப்யூட்டருக்குள்ள ஒண்ணுமே போட வேண்டியதில்லீங்க. அதனால கம்ப்யூட்டருக்கே தெரியாது. எத்தனை தடவ ஃபார்மேட் அடிச்சாலும் இது பாட்டுக்கு இருக்கும்." சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான். "யாருங்க வெச்சது?" என்றான். "எங்க வீட்டுக்காரர்" என்றாள். "அப்பச் சரிங்க" என்றான், சட்டென்று, நடக்கிறபோது எதையோ மிதித்துவிட்டுக் காலை எடுக்கிறவன் மாதிரி. படியிறங்கப் போனவன் திரும்பி வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, "யாராச்சும் உள்ள வந்தா இந்தப் பச்சை லைட்டு விட்டுவிட்டு எரியுமுங்க. இல்லாட்டி நின்னு எரியும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்தப் பையனுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரிகிறதற்கு முன்னால் அவனுக்குப் புரிந்து, அவன் பாவப்பட்டு, இரக்கப்பட்டு ஒரு தகவலைக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

பச்சை விளக்கு நின்று எரிந்தது. திரையில் ஒரு வாத்து பாதியில் நின்றது. குழந்தைச் சட்டையின் நெஞ்சில் வருகிற மஞ்சள் வாத்து. ஜமீலாக்காவின் எம்ப்ராய்டரி யூனிட்டில் ஊசி எந்த இடத்தில் குத்த வேண்டும், எந்தப் பக்கம் நூல் சாய வேண்டும், எங்கே நிறம் மாற வேண்டும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பது கோகிலவாணியின் வேலை. பஞ்சிங் என்பார்கள். திருப்பூரில் இந்த வேலை செய்கிற பெண்கள் அதிகமில்லை. வாத்தின் மூக்குக்கு ஆரஞ்சு போட வேண்டும், சாயந்திரத்துக்குள் ஃபைல் போக வேண்டும், மிஷின் காத்திருக்கிறது. அவளுடைய கை மவுஸ்மேல் இருந்தது. நகர்த்த முடியவில்லை. நகர்த்தினால் அங்கே நகரும். மஸ்கட்டில், அவர் இருக்கிற, அவள் பார்த்தேயிராத ஒரு அறையில், ஏதோ ஒரு மேசையில், அம்பு நகரும். நகர்த்தாவிட்டாலும் நகரவில்லை என்று தெரியும். எதைச் செய்தாலும் தெரியும். விளக்குதான் நின்று எரிகிறதே, இப்போது யாரும் இல்லையே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். அப்புறம் அப்படி இழுத்துக்கொண்டதற்காக அவளுக்கே அவள்மேல் எரிச்சல் வந்தது. இந்தப் பெட்டிக்குக் கண் கிடையாது, முட்டாளே, இது உன்னைப் பார்க்கவில்லை, உன் திரையைத்தான் பார்க்கிறது. அது இன்னும் மோசம். உடம்பை மூடிக்கொள்ளலாம். போன தடவை லீவுக்கு வந்தபோது அவர்தான் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு இதை மாட்டினார். பனியனும் லுங்கியுமாக, வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு. அவள்தான் ஒயரை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். வியர்க்கிறதே என்று டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து அவர் பக்கம் திருப்பிவைத்தாள். மோர் கொண்டுவந்து வைத்தாள். "எல்லாம் உனக்காகத்தான் பண்றேன், உன் வேலை கெடக்கூடாதுல்ல" என்று அடியிலிருந்து குரல் வந்தது. அவருடைய வேலையே அதுதான். பெரிய கட்டிடங்களில், பூட்டின அறைக்குள் இருக்கிற மிஷின்களை வெளியே உட்கார்ந்து பழுது பார்ப்பது. பூட்டின அறை. அப்படியென்றால் இந்த வீடு அவருக்கு இன்னொரு பூட்டின அறை, அவள் அதற்குள்ளே ஓடிக்கொண்டிருக்கிற இன்னொரு மிஷின்.

ஸ்கூட்டர். ஆமாம், ஸ்கூட்டர். அவள் ஸ்கூட்டர் வாங்கலாமா என்று ஒரு மத்தியானம் பூராவும் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தாள். சிவப்பா, சாம்பல் நிறமா என்றுகூட முடிவுக்கு வந்திருந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயந்திரம் போன் வந்தது. பேச்சோடு பேச்சாக, "அந்த ரோட்டுல வண்டி ஓட்டறதெல்லாம் நமக்கு வேண்டாம் கோகிலா, லாரி பூராவும் அதுலதான் வருது" என்றார். அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதை எப்படி அவர் நினைத்தார்? நினைத்ததும் எப்படி இங்கே வந்தது? இன்னொரு நாள், வேலையைப் போட்டுவிட்டு ஒரு படம் பார்த்தாள், பாதியில் போன்: "என்ன பண்ற, சும்மா இருக்கியா?" இன்னொரு நாள், அவளுடைய பழைய பள்ளிக்கூடச் சினேகிதியின் படங்களைத் தேடிப் பார்த்து, இவள் எவ்வளவு குண்டாகிவிட்டாள் என்று நினைத்துச் சிரித்தாள், மறுநாள் அவர் கேட்கிறார், "உன் கூடப் படிச்சவங்க யாருகூடயாச்சும் பேச்சு இருக்கா இப்ப?" ஒவ்வொரு தடவையும் அவள் பூரித்துப் போனாள். அதுதான் இப்போது ஆறமாட்டேன் என்கிறது. பூரித்துப் போனாள். கடல் தாண்டிப் போனாலும் மனசு இங்கேயே கிடக்கிறது மனுஷனுக்கு என்று நினைத்தாள். ஜமீலாக்காவிடம் சொல்லவும் சொன்னாள், யூனிட்டில் எல்லா மிஷினும் ஓடுகிற இரைச்சலில், கத்திக் கத்திச் சொன்னாள்: "நான் நெனச்சாலே அவருக்குத் தெரிஞ்சுருதுக்கா!" ஜமீலாக்கா கையை உதறி, "போடி, எங்க வீட்டுல நேருக்கு நேரா நின்னு கத்துனாக்கூடத் தெரியறதில்ல" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பொறாமை இருந்தது. அந்தப் பொறாமையை அவள் வீடு வரைக்கும் கொண்டுவந்தாள், பூவைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிற மாதிரி. அன்பு என்று நினைத்து அவள் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தது இந்தக் கறுப்புப் பெட்டியை. ஒருநாள் யாரோ சொன்னார்கள் என்று பாஸ்வேர்டைக்கூட மாற்றினாள், பத்திரமாக இருக்கட்டும் என்று. பூட்டை மாற்றினாள். அவன் அதற்கு முன்பே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தான்.

அவன். மனசுக்குள் அந்தச் சொல் அப்படி விழுந்ததை அவளே கேட்டாள். கல்யாணமானதிலிருந்து அவர் அவர்தான். சண்டை போட்டாலும், சாப்பிடாமல் படுத்தாலும், மனசுக்குள்ளேகூட அவர்தான். இப்போது அது தானாக நழுவி விழுந்துவிட்டது, எடுத்து மறுபடி மேலே வைக்க அவளுக்குக் கை வரவில்லை. இருக்கட்டும். பக்கத்துக் கட்டிடத்தில் துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷின் விட்டுவிட்டு இரைந்தது. கீழே தண்ணீர் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மகள் மிருதுளா பள்ளிக்கூடம் விட்டு வர இன்னும் நேரமிருக்கிறது. இவ்வளவும், இந்த ஸ்கூட்டரும் படமும் சினேகிதியும், இவ்வளவுதான் என்றால் அவள் கத்தியிருப்பாள், அழுதிருப்பாள், ஒரு வாரம் போனை எடுக்காமல் இருந்திருப்பாள், அப்புறம் எடுத்திருப்பாள். அவளுக்குத் தன்னைத் தெரியும். ஆனால் வேறு ஒன்று இருக்கிறது. சம்பத் பேசிக்கொண்டிருக்கும்போதே அது அடியிலிருந்து மேலே வர ஆரம்பித்துவிட்டது. அவள் அதன்மேல் காலை வைத்து அழுத்திக்கொண்டு, ஸ்கூட்டரை நினைத்தாள், படத்தை நினைத்தாள், மோரை நினைத்தாள். அழுத்த அழுத்த அது கொப்பளித்துக்கொண்டு வந்தது. கட்டி. குளிக்கிறபோது சோப்புக் கையில் தட்டுப்பட்ட அந்தக் கட்டி. இடது மார்பில், அக்குள் பக்கமாக, பட்டாணி அளவுக்கு, அழுத்தினால் நகர்கிற, வலிக்காத கட்டி.

யாரிடமும் சொல்லவில்லை. மிருதுளாவுக்குப் பரீட்சை. அம்மாவுக்குச் சொன்னால் ஊருக்கே தெரியும். அவருக்குச் சொன்னால் அங்கே தூக்கம் போய்விடும், உடனே வரவும் முடியாது, தூரத்தில் கிடந்து துடிப்பார் என்று, ஆமாம், துடிப்பார் என்று நினைத்துத்தான் சொல்லவில்லை. சொன்னது இந்தத் திரைக்கு மட்டும். மகளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, இதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். மார்பில் கட்டி. அடித்துவிட்டு அழித்தாள். மறுபடி அடித்தாள். வலிக்காத கட்டி நல்லதா கெட்டதா. வலிக்கவில்லையென்றால்தான் பயம் என்று ஒருவர் எழுதியிருந்தார், அப்படியில்லை என்று இன்னொருவர். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வருமா. எடுத்துவிட்டால் எத்தனை வருஷம். அந்தக் கேள்வியை முழுக்க அடிக்க முடியாமல் எத்தனை என்பதோடு நிறுத்திவிட்டு, திரையின் நடுவில் அம்பை அப்படியே விட்டுவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். எவ்வளவு நேரமென்று தெரியாது. ஸ்கிரீன் அணைந்துபோய், அவள் கை பட்டு மறுபடி எரிந்தது, அம்பு அதே இடத்தில் நின்றது. அதைப் பார்த்திருப்பான். அவளுடைய அழுகையை அல்ல, அது தெரியாது. நின்ற அம்புக்குறியைப் பார்த்திருப்பான். எத்தனை என்கிற வார்த்தைக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கிற ஒரு அம்பை அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பான், அது ஏன் நிற்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும், அந்த மனுஷனுக்கு ஒரு போன் பண்ணத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? பண்ணினால், எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாளே. ஸ்கூட்டருக்குப் பண்ணலாம். லாரி வருகிறது என்று சொல்லிவிடலாம். இதற்கு எதைச் சொல்வது? பெட்டியைக் காப்பாற்றுவதா, பெண்டாட்டியைத் தேற்றுவதா என்று வந்தபோது அவன் பெட்டியைக் காப்பாற்றினான்.

இல்லை, கேட்டான். ஒரே ஒரு தடவை கேட்டான். நியாயமாக நினைத்துப் பார், கோகிலா. "உடம்பெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டான் ஒருநாள், எப்போதும் கேட்காத ஒரு குரலில். அவள் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கறேன்" என்றாள். லைன் போய்விட்டதோ என்று அவள் ஹலோ ஹலோ என்றாள். அப்புறம் அவன் தன் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அது ஒரு வாய்ப்பா? அவளுக்கு அவன் கொடுத்த வாய்ப்பா? அவள்தான் பொய் சொன்னாளா? அவள் பொய் சொன்னாள்தான். அவள் பொய் சொல்கிறாள் என்று தெரிந்துகொண்டே கேட்டான், அவன் கேட்டதும் ஒரு பொய்தான். அப்புறம் கட்டியில் ஊசி குத்தி எடுக்கிற டெஸ்ட் அன்று. ஸ்கேன் சென்டரில், நீளமான பெஞ்சில், புருஷனோ மகனோ கூட வந்த பெண்களுக்கு நடுவில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அவள் தனியாக உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. "எங்க இருக்க?" "கடைவீதிக்கு வந்தனுங்க." "ஓ. சரி. பாத்துப் போ." அந்த நேரத்தில் அவன் அவளைக் கூப்பிட்டதே இல்லை. எந்தச் சென்டர், எத்தனை மணி என்று அவள் பதிவு செய்ததெல்லாம் இந்தத் திரையில்தானே. அவனுக்குத் தெரியும் அவள் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று. பாத்துப் போ என்றான். நர்ஸ் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டு, "கூட யாரும் வரலீங்களா?" என்று கேட்டபோது, வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், பாவம், அவருக்குத் தெரியாது என்று அவள் சொன்னாள். பாவம் என்று சொன்னாள்! அந்த நாட்களில் மட்டும் அவளுடைய நினைப்பு ஏன் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று ஏங்கினாள். என் பயம் அவ்வளவு அழுத்தமாக இல்லையோ என்றுகூட நினைத்தாள். அப்புறம் ரிப்போர்ட் மெயிலில் வந்தது, சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று. இதே திரையில்தான் திறந்தாள். அன்று சாயந்திரம் போனில் அவன் குரல் எப்படி இருந்தது! துள்ளிக்கொண்டு இருந்தது. "கோகிலா, இன்னைக்குப் பாயசம் வெச்சுச் சாப்பிடுங்க ரெண்டு பேரும்." "என்னங்க விசேஷம்?" "சும்மாதான், தோணுச்சு." அவளும் வைத்தாள். முந்திரி வறுத்துப் போட்டு வைத்தாள். பார், அவருக்கும் இன்றைக்குச் சந்தோஷம், எப்படியோ தெரிந்துவிடுகிறது என்று சொல்லிக்கொண்டு, அடுப்படியில் நின்று, கரண்டியால் எடுத்துக் குடித்துக்கொண்டே அழுதாள். அந்தப் பாயசத்தை இப்போது வாந்தி எடுக்க வேண்டும்போல் இருந்தது. அவளுடைய உயிர் தப்பினதைக்கூட அவளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு அவன் தனியாகக் கொண்டாடியிருக்கிறான், அவளுக்கு அதில் ஒரு டம்ளர் கொடுத்திருக்கிறான்.

விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. முதலில் அவள் அதைக் கவனிக்கவில்லை. கண் அதன்மேல் இருந்தும் மனசு அடுப்படியில் இருந்தது. பிறகு பார்த்தாள். பச்சை, இருட்டு, பச்சை, இருட்டு. அங்கே சாப்பாட்டு நேரமாக இருக்கும். ஒரு கையில் சோற்றைப் பிசைந்துகொண்டு மறு கையால் திறந்திருப்பான். வந்துவிட்டான். இந்த அறைக்குள், அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிற மாதிரியே இருந்தது, பிடரியில் மூச்சுப் பட்டது போல. திரும்பிப் பார்க்கவே பார்த்தாள். காலண்டர்தான் ஆடியது. கை தானாக மவுஸை நகர்த்தி, வாத்தின் மூக்குக்கு ஆரஞ்சு போட ஆரம்பித்தது. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை கோபத்திலும் கை வேலை செய்கிற பெண்ணாக நடிக்கிறது. ஒரு கோடு, இன்னொரு கோடு, சரியான சாய்வில். இப்படி எத்தனை மத்தியானம் அவள் தனக்காகச் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அவனுக்காகச் செய்துகாட்டியிருக்கிறாள். போதும். வாத்தைச் சுருக்கிக் கீழே தள்ளினாள். வெள்ளையாக ஒரு பக்கத்தைத் திறந்தாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தாள், வாட்ஸ்அப்பில் அடிக்கிற மாதிரி. சாப்டாச்சுங்களா. அடித்துவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் எதுவும் நடக்கவில்லை. விளக்கு மட்டும் மின்னியது. அவன் ஓடிப்போய்விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அடித்தாள். இருக்கறீங்கன்னு தெரியும். பொட்டி எம் முன்னாலதான் இருக்குது. அம்பு அசைந்தது. அவள் கை மடியில் இருந்தது, அம்பு அசைந்தது, கொஞ்சம் இடதுபுறமாக, பயந்த பூச்சி மாதிரி. பிறகு அவள் தொடாத கீபோர்டிலிருந்து, அவளுடைய வாக்கியத்துக்குக் கீழே, எழுத்துகள் வந்தன. கோகிலா. நின்றது. கோகிலா நான் சொல்றத. நின்றது. அழிந்தது, பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக, கோகிலா என்பது வரைக்கும். அவள் அடித்து அடித்து அழித்ததையெல்லாம் அவன் இப்படித்தான் பார்த்திருப்பான். அவள் அடித்தாள். கட்டி வந்தது தெரியுமா. தெரியும், என்று வந்தது. அடுத்த நிமிஷம் போன் அடித்தது.

"கோகிலா, மொதல்ல நீ பதட்டப்படாத" என்றான் தனசேகரன். குரல் கிசுகிசுப்பாக இருந்தது, யாரோ பக்கத்தில் இருப்பது போல. "அது உன் ஹெல்ப்புக்குத்தான் வெச்சது. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுனா இங்கிருந்தே சரி பண்ணலாம்னு." "இன்னைக்கு மக்கர் பண்ணுச்சு. சம்பத் வந்துதான் சரி பண்ணினான்" என்றாள். அவளே தொடர்ந்தாள். "கரண்டுக்குன்னு எதுக்குச் சொன்னீங்க?" "உனக்குப் புரியாதுன்னு." "இப்பப் புரியுது." "நான் ஒத்தையில கிடக்கறேன் கோகிலா. இந்த ரூம்ல ஆறு பேரு, ஒருத்தன் பேச்சு ஒருத்தனுக்குப் புரியாது. உன் திரையப் பாத்தா நம்ம வீட்டுல இருக்கற மாதிரி இருக்கும். நீ பூவு போடுவ, யானை போடுவ, சும்மா பாத்துட்டு இருப்பேன். வேற ஒண்ணுமில்ல, சத்தியமா." அது உண்மையாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். ஒரு நிமிஷம் மனசு இளகப் பார்த்தது, அந்த அறை கண்ணுக்குள் வந்தது, கட்டிலுக்கு மேல் கட்டில், ஈரத் துண்டு, அவள் போடுகிற யானையைப் பார்த்துக்கொண்டு சோறு தின்கிற ஒரு மனுஷன். அந்த இளக்கத்தின் மேலேயே கோபம் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. "யானை போட்டப்பப் பாத்தீங்க, சரி. கட்டின்னு அடிச்சப்ப?" என்றாள். "அப்பவும் பாத்தேன்." "பாத்துட்டு?" "நீயே சொல்லுவேன்னு காத்துட்டு இருந்தேன்." "காத்துட்டு இருந்தீங்களா, பாத்துட்டு இருந்தீங்களா?" அவள் குரல் ஏறிவிட்டது. கீழ்வீட்டில் கேட்கும். கேட்கட்டும். "நான் ஸ்கேன் எடுக்கற எடத்துல உக்காந்துட்டு இருக்கறேன், எங்க இருக்கன்னு கேக்கறீங்க. கடைவீதிங்கறேன். பாத்துப் போங்கறீங்க. அங்க ஒவ்வொருத்திக்கும் பக்கத்துல ஒரு ஆளு உக்காந்திருக்குது. எனக்கு ஒரு வார்த்தை போதும்ங்க. எனக்குத் தெரியும் கோகிலா, பயப்படாதேன்னு ஒரு வார்த்தை. அது எப்படித் தெரியும்னு நான் அன்னைக்குக் கேட்டிருக்கவே மாட்டேன். கால்ல விழுந்திருப்பேன்." பிறகு அவன் சொன்னான், உடைந்த குரலில், "நானும் அழுதேன். இங்க பாத்ரூமுக்குள்ள போயி, தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதேன். உனக்குத் தெரியாது." "எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கோகிலவாணி. "உங்க பாத்ரூம்ல நான் பொட்டி எதுவும் வெக்கலீங்களே."

அவன் எதையோ சொல்லிக்கொண்டே போனான். நீ ஏன் என்னிடம் மறைத்தாய் என்றான். புருஷன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறேன் என்றான். அடுத்த மாசம் லீவு சொல்லியிருக்கிறேன், வந்து பேசிக்கொள்ளலாம், அதுவரைக்கும் எதையும் கழற்றாதே, அப்படியே இருக்கட்டும் என்றான். கழற்றாதே என்று அவன் சொன்னது அவள் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் விழவில்லை. அழுகிற மனுஷன், மன்னிப்பு வாயில் வராத மனுஷன், ஒயரைப் பற்றி மட்டும் தெளிவாகச் சொல்கிறான். "லீவுக்கு வாங்க. உங்க அம்மா வீட்டுக்கு வாங்க" என்றாள். "மிருதுளாவ அங்க அனுப்பி வெக்கறேன், பாத்துக்குங்க. இங்க நான் கூப்பிடறப்ப வந்தாப் போதும். கூப்பிடுவனான்னு எனக்கு இப்பத் தெரியாது." "கோகிலா, என்ன பேசற நீ, ஊரு என்ன சொல்லும்" என்றான். "ஊருக்கு ஒரு பொட்டி வெச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். திரையில் தெரியும் என்கிற அந்த வார்த்தை இன்னும் நின்றது, அதற்குப் பக்கத்தில் கோடு மின்னிக்கொண்டிருந்தது, அங்கே அவன் இன்னும் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பெட்டியைப் பிடித்து இழுத்தாள். ஒரு ஒயர் வந்தது, இன்னொன்று வர மறுத்தது, மேசைக்கால் அசைய உதறி இழுத்தாள், அதுவும் வந்தது. திரை கறுத்துப் போனது. ஒரு கணம் பயந்துவிட்டாள், எல்லாம் போய்விட்டதோ, வாத்தும் போய்விட்டதோ, உனக்குப் புரியாது என்றானே. தரையில் மண்டியிட்டு, மேசைக்கு அடியில் புகுந்து, தூசி மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டு, கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்கு வந்துகொண்டிருந்த கேபிளைத் தடவித் தடவிக் கண்டுபிடித்து, நேராகத் திரையில் சொருகினாள். திரை எரிந்தது. அந்த வெள்ளைப் பக்கம் அப்படியே இருந்தது. மூடப் போனாள், சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினாள்.

வாத்தைத் திறந்து உட்கார்ந்தாள். யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்பதற்குக் கை பழகவில்லை, முதுகு இன்னும் விறைப்பாகவே இருந்தது. யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்பது எத்தனை நாளைக்கு இருக்குமோ. அவன் அழுதான் என்பது உண்மை. அதை என்ன செய்வது, எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நினைக்க நினைக்க மறுபடி அந்தப் பெஞ்சு வந்தது, பாத்துப் போ வந்தது, பாயசம் வந்தது, செக்குமாடு மாதிரி மனசு அதையே சுற்றிக்கொண்டு கிடந்தது. போன் அடித்தது. அவன்தான் என்று வெட்டப் போனாள், பார்த்தால் ஜமீலாக்கா. எடுத்ததும் மிஷின்களின் இரைச்சல் காதை அடைத்தது, இருபது ஊசியும் ஒரே நேரத்தில் இறங்கி ஏறுகிற சத்தம். "ஏ கோகிலா, வாத்து என்னாச்சுடி? இங்க மத்ததெல்லாம் ஓடி முடியப்போவுது, ஒரு மிஷினு உனக்காகச் சும்மா நிக்குது!" என்று கத்தினாள். "இன்னிக்கு ஆகாதுக்கா" என்றாள் கோகிலவாணி. "என்ன? கேக்கல, சத்தமாச் சொல்லு!" "எனக்கு மார்ல கட்டி வந்துச்சுக்கா" என்றாள். அதைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. வாயிலிருந்து தானாக வந்தது. இதுவரை ஒரு மனுஷக் காதுக்கும் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. "இப்ப ஒண்ணுமில்லக்கா, டெஸ்ட் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லன்னுட்டாங்க. யாருகிட்டயும் சொல்லல. ரொம்பப் பயந்துட்டேன்க்கா." அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் இருந்தது. கேட்டதா கேட்கவில்லையா என்று தெரியவில்லை. பிறகு போனை விட்டு விலகி ஜமீலாக்கா போட்ட சத்தம் கேட்டது: "டேய், ஆஃப் பண்ணுங்கடா! எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க! பண்ணுங்கறேன்ல!" ஒவ்வொரு மிஷினாக நின்றது. கடைசி ஊசியும் நின்ற பிறகு, அவ்வளவு பெரிய யூனிட்டில் ஒரு சத்தமும் இல்லாமல் போன பிறகு, ஜமீலாக்காவின் குரல் பக்கத்தில் வந்தது.

"ம். இப்பச் சொல்லு."